இரண்டாம் தடவை வந்த குரல்

கவியரங்கத்தில் ஒரு வரியை இரண்டு தடவை சொல்வது நம்மவர்களின் பழக்கம். முதல் தடவை மைக்குக்கு, இரண்டாம் தடவை மனிதர்களுக்கு என்பார்கள். நடுவே கூட்டத்திலிருந்து யாராவது "மறுபடியும்!" என்று கத்த வேண்டும், கத்தாவிட்டாலும் கத்தியதாக நினைத்துக்கொண்டு கவிஞர் இன்னொரு தடவை சொல்லிவிடுவார். இந்தப் பழக்கம் மட்டும் இல்லாதிருந்தால், சுங்கை நீலாவில் வடை சுட்டு விற்கும் தனபாக்கியத்தின் வாயிலிருந்து கடலுக்கு அப்பால் இருந்த ஒருத்தியின் குரல் வந்திருக்காது, வந்திருந்தாலும் அவளுக்கு விக்கல் என்று சொல்லித் தண்ணீர் கொடுத்திருப்பார்கள்.

தனபாக்கியம் நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். ரப்பர் தோட்டத்தில், பால்மரம் வெட்டப் போன பெண்கள் தங்கள் பிள்ளைகளை விட்டுப்போகும் ஆயாக்கொட்டகையில், தொட்டிலாட்டித் தொட்டிலாட்டியே கை நீண்டவள். கடைசியாகத் தொட்டிலில் போட்ட பிள்ளையை எடுக்க அதன் தாய் வரவில்லை, அன்று வரவில்லை, மறுநாளும் வரவில்லை, அதற்குள் தோட்டத்தையே விற்று மரங்களையெல்லாம் சாய்த்துவிட்டார்கள். தனபாக்கியம் அந்தப் பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு அடுக்குமாடி வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். தர்ஷணா என்று பேர் வைத்தாள். அவளுக்கு இப்போது பதினேழு வயது. எஸ்பிஎம் என்ற பள்ளியிறுதிப் பரீட்சையில் எல்லாப் பாடத்திலும் ஏ வாங்கியவள், ஆனால் கையில் ஐசி இல்லை, அடையாள அட்டை இல்லாதவளைக் கல்லூரி சேர்க்காது, பேங்க் கணக்குத் திறக்காது, ஆஸ்பத்திரி வெளிநாட்டுக்காரி என்று சொல்லும். அட்டை கேட்டுப் போனால் கவுண்டரில் உட்கார்ந்திருக்கும் ஆள் ஒவ்வொரு தடவையும் ஒரே பதிலைச் சொல்வான்: "பெத்தவளைக் கூட்டிட்டு வா."

"வளர்த்தவ நிக்கிறேனே, கண்ணு தெரியலையா?" என்று தனபாக்கியம் கேட்பாள்.

"அடுத்த நம்பர்" என்பான் அவன்.

அந்தக் கோபத்தில்தான் அவளுக்குக் கவிதை வந்தது. வடை எண்ணெயில் விழும்போது ஒரு வரி வரும், திருப்பிப் போடும்போது அடுத்த வரி வரும். அதைக் கொண்டுபோய் மாதாமாதம் மாரியம்மன் கோயில் மண்டபத்தில் நடக்கும் கலைமன்றக் கவியரங்கத்தில் சொல்வாள். பெண்களைக் கடைசியில்தான் கூப்பிடுவார்கள், அப்போது டீயும் பிஸ்கட்டும் வந்துவிடும், கூட்டத்தில் பாதிப் பேர் பிஸ்கட்டை நனைத்துக்கொண்டிருப்பார்கள். தலைமை எப்போதும் கவிச்சுடர் அருணகிரிதான். தமிழ்ப்பள்ளியில் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். கவிச்சுடர் பட்டத்தை ஊர் கொடுத்தது என்று அவர் சொல்வார், ஊரைக் கேட்டால் அவரே பேனரில் அச்சடித்துக்கொண்டு வந்தார் என்று சொல்லும்.

அன்றைய தலைப்பு தென்றல். ஆண்கள் எல்லோரும் தென்றலைக் கூப்பிட்டுக் கன்னத்தைத் தடவச் சொல்லிவிட்டு உட்கார்ந்த பிறகு தனபாக்கியம் எழுந்து மைக்கைப் பிடித்தாள்.

"காற்றடித்த தோட்டத்தைக் காசாக்கித் தின்றவன், கூண்டொன்று மாடியிலே கொடுத்தான் எனக்கு" என்றாள்.

"மறுபடியும்!" என்று கத்தினாள் ரோசம்மா. அவள் கீழ்வீட்டுக்காரி, கையுறைத் தொழிற்சாலையில் வேலை, அவள் கத்தினால் மண்டபத்துப் புறா பறக்கும்.

தனபாக்கியம் மறுபடியும் சொல்ல வாயைத் திறந்தாள். உதடு அவளுடையதுதான், பல் அவளுடையதுதான், ஆனால் வந்தது கொஞ்சம் கட்டையான, வெயிலில் காய்ந்த, வேறொருத்தியின் குரல். அது சொன்னது: "இஞ்ச காணியைப் பறிச்சவன் கம்பிவேலி அடிச்சிட்டான், வேலிக்கு அங்காலதான் என்ர பிள்ளையைக் கடைசியாக் கண்டனான்."

அருணகிரி மணியை அடித்தார். "அம்மா, தலைப்பு தென்றல். தலைப்பை விட்டு விலகக் கூடாது" என்றார்.

யாரும் மயங்கி விழவில்லை, யாரும் சாமி என்று கும்பிடவில்லை. முன்வரிசையில் ஒருவர் "யாழ்ப்பாணத்துப் பேச்சு மாதிரி இருக்கே" என்றார், பக்கத்தில் இருந்தவர் "யாழ்ப்பாணம் இல்லை, அதுக்கும் கீழே, வன்னி" என்றார், இருவரும் அதைப் பற்றிப் பிஸ்கட் தீரும்வரை வாதாடினார்கள். ரோசம்மா மட்டும் பக்கத்தில் வந்து, "யாருக்கா அது உன் தொண்டைக்குள்ள? குடி வச்சிட்டியா?" என்று கேட்டாள். தனபாக்கியம் தொண்டையைத் தடவிப் பார்த்தாள். வலி இல்லை. நம் அடுப்பில் இன்னொருத்தி வந்து அவசரமாக உலை வைத்துவிட்டுப் போனால் அடுப்பு எப்படிச் சூடாக இருக்குமோ அப்படி இருந்தது, அவ்வளவுதான்.

பிறகு வீட்டில் சொல்லிப் பார்த்தாள், வடைக்கடையில் சொல்லிப் பார்த்தாள். கொஞ்சம் கொஞ்சமாக அதன் போக்குப் பிடிபட்டது. சாதாரணப் பேச்சை இரண்டு தடவை சொன்னால் ஒன்றும் வராது. அவள் தன் மனசில் கட்டிய வரியாக இருக்க வேண்டும், பொய் இல்லாத வரியாக இருக்க வேண்டும். முதல் தடவை தன் குரலில் போகும், இரண்டாம் தடவை பதில் வரும். அங்கேயும் அப்படித்தானாம். அங்கே ஒரு தெருவோரத்துத் தகரக் கொட்டகையில், காணாமல் போன பிள்ளைகளின் படங்களை மடியில் வைத்துக்கொண்டு தாய்மார் வருஷக்கணக்காக உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களில் ஒருத்தி தவமலர், அழுது அலுத்துப் பாட்டுக் கட்டத் தொடங்கியவள். அவள் ஒரு வரியை மற்றத் தாய்மாருக்காகத் திருப்பிச் சொல்லும்போது அவள் வாயில் தனபாக்கியம் வந்து நிற்கிறாள்.

"உங்கட குரலில எண்ணெய் மணக்குது அக்கா, இஞ்ச எல்லாருக்கும் பசிக்குது" என்று ஒருநாள் வந்தது பதில். தனபாக்கியம் அன்று முழுக்கச் சிரித்துக்கொண்டே வடை சுட்டாள்.

சில நாள் தவமலருக்குப் பதிலாக மூன்றாவதாக ஒருத்தி வருவாள். அவள் பாரிஸில் ரயில் பெட்டி கூட்டுகிறவள், பேர் சுதாமதி, அகதி விண்ணப்பத்தை மூன்று தடவை தள்ளிவிட்டார்களாம். "ரயிலெல்லாம் எல்லை தாண்டிப் போகுது, கூட்டிற நான் மட்டும் பிளாட்பாரத்தில" என்றாள். அந்த ஒரு வரியைக் கேட்டுத் தொழிற்சாலைப் பெண்கள் வடையைக் கையில் வைத்துக்கொண்டு சாப்பிட மறந்து நின்றார்கள்.

ஊர் இதைத் தன் வழியில் சரிக்கட்டிக்கொண்டது. கோயில் குருக்கள் முதலில் சந்தேகப்பட்டார், பேயாக இருந்தால் மண்டபத்துக்குத் தீட்டு என்றார், தனபாக்கியம் அவர் முன்னாலேயே "நீ நல்லவளா" என்ற பொருளில் ஒரு வரி கட்டிச் சொல்ல, "ஓம், ஓம்" என்று பதில் வந்தது, குருக்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டு பேய் இப்படிச் சொல்லாது என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். அந்த ஊரில் ஓம் என்றால் ஆமாம் என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை. ஆண் கவிஞர்கள் தங்கள் வீட்டுக் குளியலறையில் தங்கள் வரிகளைத் திருப்பித் திருப்பிச் சொல்லிப் பார்த்தார்கள், அவர்கள் குரலே அவர்களிடம் வந்தது, அதுவும் கொஞ்சம் சலித்துப்போய். மாடிவீட்டு அம்மா ஒருத்தி தன் கல்யாணத்துக்கு முன்பு பழகிய சிநேகிதி கொழும்புக்குப் போனாளே, அவளைத் தெரியுமா என்று கேட்டு ஒரு வரி கட்டித் தரச் சொன்னாள். இன்னொருத்தி மீன்குழம்புக்கு அங்கே என்ன தூள் போடுகிறார்கள் என்று கேட்கச் சொன்னாள். தனபாக்கியம் எரிந்து விழுந்தாள். "பிள்ளையைக் காணோம்னு உட்கார்ந்திருக்கிறவகிட்ட மீன்குழம்பா கேப்பீங்க? எந்திரிச்சுப் போங்கடி!" ஆனாலும் கேட்டாள். தவமலர் சொன்னாள். அந்த வாரம் அடுக்குமாடி முழுக்க வறுத்த மிளகாயின் நெடி.

தவமலரின் பிள்ளை பேர் நிரோஜன். சண்டை முடிந்த நாளில், சரணடைந்தால் விசாரித்துவிட்டு விட்டுவிடுவோம் என்று ஒலிபெருக்கியில் சொன்னார்களாம். தவமலர் அவன் கையைப் பிடித்து நடத்திக் கொண்டுபோய்ச் சீருடைக்காரன் கையில் தானே ஒப்படைத்தாளாம். பஸ்ஸில் ஏற்றியதைத் தன் கண்ணால் பார்த்தாளாம். இப்போது கேட்டால் அப்படி ஒரு பஸ்ஸே வரவில்லை என்கிறார்களாம்.

"பெத்தவளைக் கூட்டிட்டு வான்னு என்கிட்ட சொல்றான். அங்க பெத்தவளே நிக்கிறா, அவகிட்டப் பிள்ளையே இல்லைன்னு சொல்றான்" என்று தனபாக்கியம் தர்ஷணாவிடம் சொன்னாள். "எந்த நாட்டுல போனாலும் கவுண்டருக்குப் பின்னால ஒரே ஆள்தான்டி உட்கார்ந்திருக்கான்."

இப்படி இருக்கையில் கலைமன்றத்தின் ஆண்டு விழா வந்தது. அரசாங்கம் கொடுத்த டத்தோ பட்டத்தோடு ஊரில் ஆபீஸ் வைத்திருக்கும் அரசியல்வாதி, டத்தோ கருணாமூர்த்தி வருகிறார் என்று அருணகிரி வடைக்கடைக்கே வந்து சொன்னார். அவர் வடைக்கடைக்கு வந்தது அதுவே முதல் தடவை. நாற்காலியைக் கைக்குட்டையால் துடைத்துவிட்டு உட்கார்ந்தார்.

"பல நாட்டுத் தமிழ்ப் பெண் கவிஞர்கள் உரையாடல்னு பேனர் போட்டாச்சும்மா. எந்த ஊர்ல கிடைக்கும் இந்த மாதிரி? டத்தோ அசந்துடுவாரு. அந்த இலங்கை அம்மா, அந்தப் பாரிஸ் அம்மா, ரெண்டு பேரையும் வந்து டத்தோவை வாழ்த்தச் சொல்லு."

"அவங்க ஏன் சார் வாழ்த்தணும்? அவங்களுக்கு இவரைத் தெரியுமா?"

"உனக்குத் தெரியணும்மா." அருணகிரி குரலைத் தாழ்த்தினார். "தர்ஷணா விஷயம் சொல்லியிருக்கேன். பேப்பரெல்லாம் டத்தோ மேசையில இருக்கு. ஒரு கையெழுத்து. விழா முடிஞ்சதும் போட்டுடுறேன்னு வாய்விட்டுச் சொன்னாரு." பிறகு வடையைப் பிய்த்துக்கொண்டே சொன்னார்: "ஒண்ணே ஒண்ணு. அந்த அம்மா பிள்ளை, காணோம், சீருடை, அந்தப் பேச்சு மட்டும் மேடையில வேண்டாம். டத்தோ அந்த நாட்டுல ஹோட்டல் கட்டுறாரு."

தனபாக்கியம் கரண்டியை எண்ணெயில் விட்டதும் தெரியாமல் நின்றாள். வடை கருகியது. இத்தனை வருஷம் கவுண்டர் கவுண்டராக நின்றும் கிடைக்காத அட்டை, இப்போது ஒரே ஒரு மேடை தூரத்தில் இருந்தது. அதற்கு விலை அவள் வாய் இல்லை, இன்னொருத்தியின் வாய்.

மத்தியானம் கடையை மூடிவிட்டுப் படிக்கட்டில் உட்கார்ந்து ஒரு வரி கட்டினாள். அழகாக வரவில்லை. "ஒரு நாள் மட்டும் பேசாதே தவம், என் பிள்ளைக்கு ஒரு அட்டை வேணும்" என்று முதல் தடவை சொன்னாள். இரண்டாம் தடவைக்கு வாயைத் திறந்தாள். தன் குரலும் வரவில்லை, தவமலரின் குரலும் வரவில்லை. வாய் சும்மா திறந்து கிடந்தது, சாமான் எடுத்துப் போன வீட்டின் கதவு மாதிரி.

பின்னால் தர்ஷணா நின்றிருந்தாள். "எனக்காக அவங்க வாயை அடைக்கிறீங்களாம்மா?"

"ஆமாடி, அடைக்கிறேன். உனக்காக நான் யார் வாயையும் அடைப்பேன்."

"எனக்கு வேண்டாம் அந்த அட்டை."

"வேண்டாம்னு சொல்ல உனக்கு என்னடி தெரியும்? நாளைக்கு நீ எங்கிட்டாவது விழுந்து கிடந்தா, உன்னை யாருன்னு சொல்லி நான் தூக்குவேன்? உன் பேர் எங்கேயும் இல்லடி! நான் கூப்பிட்டாத்தான் உனக்குப் பேரே இருக்கு!" அவள் கத்திய கத்தலில் மேல்மாடியில் கதவுகள் திறந்தன. தர்ஷணா உள்ளே போய்விட்டாள். தனபாக்கியத்துக்கு டத்தோ மேல் கோபம், அருணகிரி மேல் கோபம், தர்ஷணா மேல் கோபம், பதில் சொல்லாத தவமலர் மேல் எல்லோரையும்விடக் கோபம், அந்தக் கோபத்தின் அடியில் என்ன இருக்கிறது என்று பார்க்கப் பயந்துகொண்டு தேங்காய் துருவினாள், வேலையில்லாத நேரத்தில் தேவையில்லாத தேங்காயைத் துருவினாள்.

விழாவன்று மண்டபத்தில் ஏர்கண்டிஷன் வாடகைக்கு எடுத்து வைத்திருந்தார்கள். டத்தோவுக்கு மாலை, டத்தோ மனைவிக்கு மாலை, டத்தோவின் டிரைவருக்குக்கூட ஒரு துண்டு. டத்தோ பேசும்போது எல்லாவற்றையும் இரண்டு தடவை சொன்னார், அது அவருடைய பழக்கம், "வணக்கம் வணக்கம், செய்வோம் செய்வோம், உங்களில் ஒருவன் உங்களில் ஒருவன்" என்றார். கூட்டம் கைதட்டியது. பிறகு தனபாக்கியத்தை முதன்முறையாக முதலில் கூப்பிட்டார்கள்.

அருணகிரி தானே எழுதிக் கொடுத்த வரியை அவள் சொன்னாள்: "ஏழைக்கு ஒளியாக வந்த எழில் நிலவே, டத்தோவே, வருக."

"மறுபடியும்!" என்றார் அருணகிரி, யாரும் சொல்லவில்லை என்பதால்.

அவள் மறுபடியும் சொன்னாள். அவள் குரலே வந்தது. டத்தோ மனைவி கைப்பையில் எதையோ தேடத் தொடங்கினாள். இன்னொரு தடவை சொன்னாள். மறுபடியும் அவள் குரலே. பின்வரிசையில் யாரோ "பேனரை நம்பி வந்தோமே" என்று சிரித்தார்கள். டத்தோ கடிகாரத்தைப் பார்த்தார். அருணகிரி மேடையில் குனிந்து அவள் காதில், "உன் சொந்த வரி ஏதாவது சொல்லும்மா, நல்லதா, சாதுவா, வடையைப் பத்திச் சொல்லு" என்றார். அவர் கழுத்தில் வியர்வை.

தனபாக்கியம் தன் கையைப் பார்த்தாள். எண்ணெய் தெறித்துத் தெறித்துப் புள்ளி புள்ளியாக வெளுத்த கை. அதைப் பற்றித்தான் சொன்னாள், அதில் ஒரு குற்றமும் இல்லை என்று நினைத்தே சொன்னாள்: "தொட்டில் ஆட்டிய கை இது, வேறு சாட்சி என்னிடம் இல்லை."

ரோசம்மா கத்தினாள். தொழிற்சாலைப் பெண்கள் கத்தினார்கள். வருவாளா, வந்தால் மகன் பேரைச் சொல்வாளா, சொன்னால் அட்டை போய்விடுமே, வராமல் இருந்துவிடு தவம், வராமல் இருந்துவிடு என்று வேண்டிக்கொண்டே தனபாக்கியம் வாயைத் திறந்தாள்.

அவள் வந்தாள். அந்தக் கட்டைக் குரல் ஏர்கண்டிஷன் குளிரில் வெயிலைக் கொண்டுவந்து கொட்டியது மாதிரி வந்தது. அது தன் பிள்ளையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

"தர்ஷணா எண்டொரு பிள்ளை, தொட்டிலில விட்டுப் போன பிள்ளை, அவளின்ர அட்டை எங்க?"

தர்ஷணா கடைசி வரிசையில் எழுந்து நின்றுவிட்டாள். டத்தோ அதை வாழ்த்து என்று நினைத்துப் பாதிச் சிரிப்போடு தலையாட்டி, பிறகு புரிந்து, சிரிப்பை எங்கே வைப்பது என்று தெரியாமல் இருந்தார். ஒரு நாள் வாயை மூடு என்று தனபாக்கியம் சொல்லியும், அவளுக்காகத் தவமலர் வாயைத் திறந்திருக்கிறாள். அவமானமும் கோபமும் ஒன்றாகக் கொதித்து மேலே வந்தன. அட்டையும் மேசையும் கையெழுத்தும் எங்கேயோ போயின. மைக்கைப் பிடுங்க வந்த அருணகிரியை இடது கையால் தள்ளிவிட்டு அவள் சொன்னாள்:

"நிரோஜன் என்றொரு பிள்ளை, தாய் கைபிடித்து ஒப்படைத்த பிள்ளை, அவன் எங்கே?"

அருணகிரி மணியை அடி அடி என்று அடித்தார். யாரோ மைக்கை அணைத்தார்கள். அப்போது டத்தோ எழுந்து, அணைத்த மைக்கை அவரே தட்டிப் போட்டுக்கொண்டு, கையை உயர்த்தி, ஆயிரம் கூட்டங்களை அடக்கிய அந்தப் பழக்கப்பட்ட குரலில் சொன்னார்: "அமைதி..."

இரண்டாவது அமைதி வரவில்லை. டத்தோவின் மீசைக்குக் கீழிருந்து, சந்தனம் மணக்கும் மாலைக்கு மேலிருந்து, தவமலர் கேட்டாள்: "அவன் எங்க?"

டத்தோ திகைத்து, "நன்றி" என்றார், பழக்க தோஷத்தில் இன்னொரு தடவையும் சொல்லப் போனார். "தர்ஷணாவின்ர அட்டை எங்க?" என்று வந்தது. கையால் வாயைப் பொத்திக்கொண்டு காருக்கு ஓடினார். டிரைவர் துண்டைக்கூட எடுக்காமல் பின்னால் ஓடினான்.

அதன் பிறகு டத்தோ பட்ட பாட்டை ஊர் ரசித்தது, அது ஒரு மாதிரி ஊர்தான். கல்யாண வீட்டில் "வாழ்க" என்றார், அடுத்த "வாழ்க"வுக்குப் பாரிஸ்காரி வந்து, "கூட்டிற கைக்கு வாழ எங்க இடம்?" என்று கேட்டாள், மாப்பிள்ளை தாலியைக் கையில் வைத்துக்கொண்டு விழித்தான். பாலம் திறக்கப் போனார், "செய்வோம்" என்றார், அடுத்தது "அவன் எங்க?" தொண்டை டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்து ஒன்றும் இல்லை என்றார். பொய் வரிக்குத்தான் குரல் வராதே, டத்தோ வாயில் மட்டும் எப்படி வந்தது என்று வடைக்கடையில் பெரிய வாதம் நடந்தது. ரோசம்மா அதை முடித்துவைத்தாள்: "அது அவர் வரிக்கு வந்த பதில் இல்லலா. வாய் ரொம்ப நாளாக் காலியாக் கிடந்துச்சு, இவங்க வந்து உட்கார்ந்துட்டாங்க."

கடைசியில் டத்தோ கையெழுத்துப் போட்டார். போட்டால் வாய் திரும்பிவிடும் என்று அவருக்கு யாரோ சொல்லியிருந்தார்கள். அட்டை வந்தது. நீல நிறம், உள்ளங்கையில் அடங்கும் அளவு, அதில் தர்ஷணாவின் படம் கொஞ்சம் மிரண்டுபோய் இருந்தது. தர்ஷணா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, அம்மாவின் மடியில் முகத்தை வைத்துக்கொண்டாள். தனபாக்கியம் அவள் தலையைத் தடவினாள். சந்தோஷம் வரும் வரும் என்று காத்திருந்தாள், அது வந்தது, ஆனால் உட்காராமல் வாசலிலேயே நின்றது.

மறுநாள் காலை, தொழிற்சாலைப் பெண்கள் ஷிப்டு முடிந்து வடைக்கு வரிசையில் நிற்கும் நேரத்தில், அருணகிரி மறுபடி வந்தார். இந்த முறை நாற்காலியைத் துடைக்கவில்லை.

"உன் காரியம் முடிஞ்சிடுச்சேம்மா. அட்டை கேள்வி டத்தோ வாயில நின்னுடுச்சு. ஆனா அந்த அம்மா மகன் கேள்வி நிக்கல. அவரு பாவம், அதுக்கு அவரு என்ன பண்ணுவாரு? அது வேற நாடு."

"ஹோட்டல் கட்டுறப்போ அது வேற நாடாத் தெரியலையா?"

"நீ சொன்னா அந்த அம்மா கேட்டுக்கும். கொஞ்சம் அடக்கச் சொல்லு. அடுத்த மாசக் கவியரங்கத்துக்கு நீயே தலைமை ஏத்துக்க, தலைப்பும் நீயே வச்சுக்க. நிலா, பூன்னு ஏதாவது."

தனபாக்கியம் அவரைப் பார்க்கவில்லை. அட்டை வந்த சேதியைத் தவமலருக்கு இன்னும் சொல்லவில்லையே என்ற நினைப்பு நேற்றிலிருந்து அவளைக் குத்திக்கொண்டிருந்தது. ஏன் சொல்லவில்லை என்று அவளுக்குத் தெரியும். சொல்ல வாய் கூசியது. இப்போது, வரிசையில் நின்ற அத்தனை பெண்களுக்கு முன்னால், கரண்டியைப் பிடித்தபடியே ஒரு வரி கட்டிச் சொன்னாள்: "என் பிள்ளை பேர் அட்டையில் ஏறியது, உன்னால் ஏறியது."

யாரும் கத்தவில்லை. அவளே மறுபடியும் வாயைத் திறந்தாள்.

சட்டியில் இருந்த வடைகளைத் திருப்பிப் போட்டாள். பிறகு தவமலர் வந்தாள், எப்போதும்போல் கட்டையாக இல்லை, மெல்ல, வீட்டுக்கு வந்தவர்கள் புறப்படும்போது வாசலில் நின்று கேட்கிற மாதிரி கேட்டாள்:

"அப்ப நீங்கள் இனிக் கதைக்க மாட்டியள், என்ன அக்கா?"

அதில் குறை இல்லை. பழகிப்போன ஒன்றைக் கேட்கிற குரல்தான் அது. கொட்டகைக்கு வந்து உட்கார்ந்து, படம் எடுத்துக்கொண்டு, தங்கள் காரியம் முடிந்ததும் எழுந்து போனவர்களை நிறையப் பார்த்தவளின் குரல். தனபாக்கியத்துக்கு உச்சந்தலை பற்றி எரிந்தது. வரி கட்டுவதாவது, இரண்டு தடவை சொல்வதாவது, அவள் கடலைப் பார்த்துக் கத்துகிறவள் மாதிரி எண்ணெய்ச் சட்டியைப் பார்த்துக் கத்தினாள்:

"போடி பைத்தியக்காரி! மாட்டேன்னு உனக்கு யார் சொன்னா? அவன் என்ன சட்டை போட்டிருந்தான், அதைச் சொல்லு முதல்ல!"

அது கவிதையே இல்லை. ஒரு தடவைதான் சொன்னாள். அப்படியும் பதில் வந்தது. அவள் வாயில் மட்டும் இல்லை, வரிசையில் முதலில் நின்ற ரோசம்மாவின் வாயில், அவளுக்குப் பின்னால் நின்றவள் வாயில், அதற்கும் பின்னால் தூக்கக் கலக்கத்தில் நின்ற எல்லாப் பெண்களின் வாயிலும் ஒரே நேரத்தில் வந்தது: "வெள்ளைச் சட்டை. பள்ளிக்கூடச் சட்டை. தோள்மூட்டில கிழிஞ்சு நான்தான் தைச்சனான், கறுப்பு நூலால."

ரோசம்மா தன் உதட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். பிறகு முழங்கை வரை இருந்த தொழிற்சாலைக் கையுறையைக் கழற்றிப் பைக்குள் திணித்தாள்.

"டத்தோ ஆபீஸ் எத்தனை மணிக்குக்கா திறப்பான்?"

"இப்போ திறந்திருப்பான்" என்றாள் தனபாக்கியம். அடுப்பை அணைத்தாள். அருணகிரி எழுந்து, "அம்மா, அம்மா, எதுக்கும் ஒரு வார்த்தை யோசிச்சு" என்று கையை நீட்டினார், அவர் கையில் ஒரு வடையைக் கொடுத்துவிட்டு அவள் தெருவில் இறங்கினாள்.

டத்தோ தன் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். பிளாஸ்டிக் செருப்பும் தொழிற்சாலைச் சீருடையும் எண்ணெய் வாசனையுமாக அவர்கள் உள்ளே வருவதைப் பார்த்ததும் அவர் எதையும் சொல்லிவிடாமல் இருக்க இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார்.

தனபாக்கியம் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு அவருக்கு நேர் எதிரே உட்கார்ந்தாள். "நாங்க இருக்கோம் டத்தோ" என்றாள். "கையை எடுக்கிற வரைக்கும் இருக்கோம்."

நாற்காலி போதாதவர்கள் தரையில் உட்கார்ந்தார்கள்.